காத்தவராயனின் எதிரொலிப் பெட்டி

சாம்பியன் ரீப்ஸ்
12-3-1967

அன்புத் தங்கை குணசுந்தரிக்கு,

அண்ணன் காத்தவராயன் எழுதுகிறேன். நானும் அம்மாவும் நல்லபடி இருக்கிறோம். பம்பாய்ச் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொண்டதா, விடுதியில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். எழுதிவிட்டேனா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள்.

என்னைத் தங்கச் சுரங்கத்துக்குள்ளிருந்து மேலே லாம்ப் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுப்பதும், வந்ததும் வாங்கிச் சார்ஜில் மாட்டுவதும்தான் வேலை. எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே, அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்.

இப்போது விஷயம். எங்கள் பேண்டு மாஸ்டர் ஹரோல்ட் என் கிதாரில் குறை கண்டுபிடித்திருக்கிறார். "என்ன மேன், உன் கிதார் பட்டினி கிடந்த மாதிரி கேக்குது. நாலு பேர் நடுவுல காணாமப் போவுது" என்கிறார். கிறிஸ்துமஸ் டான்ஸ் வரைக்கும் தவணை. அதற்குள் வாசிப்பில் சதை பிடிக்காவிட்டால் பக்கத்து ஊர் உரிகத்திலிருந்து வேறு ஆளைப் போட்டுக்கொள்வாராம். குணா, எனக்கு அந்த நாற்காலி போனால் வேறு ஒன்றுமில்லை. உனக்குத் தெரியும்.

சுரங்கத்துக்குள், அறுபதாவது லெவலில் ஒருநாள் தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டினேன். சத்தம் இருட்டுக்குள் நடந்துபோய், எதையோ தொட்டுவிட்டு, கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் அழகாகித் திரும்பி வந்தது. நான் தட்டியதுதான், ஆனால் வேறு யாரோ பதில் சொன்ன மாதிரி இருந்தது. அதைக் கிதாருக்குக் கொடுக்க ஒரு பெட்டி கட்ட முடியுமா? நீ பாலிடெக்னிக்கில் செம்புக் கம்பியால் சுற்றிக் கொடுத்த பிக்கப் சுருள் இன்னும் என் கிதாரில் இருக்கிறது. அதைச் செய்தவளுக்கு இது பெரிய காரியமா?

உடம்பைப் பார்த்துக்கொள். மழைக்கு முன் குடை வாங்கு.

அண்ணன்
காத்தவராயன்


மாட்டுங்கா, பம்பாய்
24-3-1967

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் நேற்று வந்தது. அம்மாவிடம் சொல்: சாப்பாட்டில் உப்பு இல்லை, தண்ணீரில் இருக்கிறது, நான் சௌக்கியம். நீ சுரங்கத்தை விட்டு மேலே வந்துவிட்டாய் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நைனா சுரங்கத்தில் போனதிலிருந்து சைரன் மாதிரி எது ஊதினாலும் நீ எந்த ஷிப்டில் இருப்பாய் என்று கணக்குப் போடுவேன். இனி இல்லை.

பெட்டிக்கு வருகிறேன். தொழிற்சாலையில் நாள் முழுக்க ரேடியோவுக்கு ஈயம் பற்றவைக்கிறேன், மதியம் பத்திரிகைகளைப் புரட்டுகிறேன். நான் பார்த்த அளவில் மூன்று வழி இருக்கிறது.

முதலாவது ஸ்பிரிங். சத்தத்தை ஒரு கம்பிச் சுருளில் ஓடவிட்டு மறுமுனையில் பிடிப்பது. எளிது, ஒரே நாளில் கட்டலாம். ஆனால் எல்லாப் பாட்டையும் குளியலறையில் வாசித்த மாதிரி ஆக்கும். இரண்டாவது எண்ணெய். எண்ணெய் தடவிய சுழல்தட்டில் மின்சாரமாகச் சத்தத்தைத் தேக்கி எடுப்பது. கேட்க மயக்கமாக இருக்குமாம், ஆனால் கட்டியவர்கள் கைகால் எல்லாம் எண்ணெயாகிக் கைவிட்டிருக்கிறார்கள். மூன்றாவது டேப். வளையமாக ஒட்டிய நாடா ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு காந்தத் தலை நீ வாசித்ததை அதில் எழுதும், தள்ளியிருக்கும் இன்னொரு தலை அதைப் படிக்கும். இரண்டு தலைக்கும் நடுவில் எத்தனை அங்குலமோ அத்தனை தாமதம்.

உனக்கு என்ன வேண்டும் என்று சரியாகச் சொல். குட்டையான எதிரொலியா, நீளமானதா? ஒரு தரமா, பல தரமா? தெரியாமல் சர்க்யூட் தேர்ந்தெடுப்பது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது.

உங்கள் இருவருக்கும் என் அன்பு. வெயிலில் அலையாதே.

குணா


சாம்பியன் ரீப்ஸ்
9-4-1967

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். உப்பு விஷயத்தைக் கேட்டு அம்மா ஊறுகாய் போட ஆரம்பித்துவிட்டாள், பார்சல் வரும்.

மூன்றையும் மூன்று நாள் கனவில் கட்டிப் பார்த்தேன். டேப்தான். எனக்கு எல்லாமும் வேண்டும், குணா. குட்டையும் வேண்டும், நீளமும் வேண்டும். முக்கியமாக, ஒரு சுரத்தை வாசித்தால் அடுத்த சுரம் வரும் வரைக்கும் அது ஆகாயத்தில் நிற்க வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது.

இன்னொன்று. திருகும் குமிழ்களைப் பெரிதாகப் போடு. உள்ளங்கையின் ஓரத்தால் தள்ளினாலும் திரும்புகிற மாதிரி இருக்கட்டும். சின்னக் குமிழ் எனக்குப் பிடிக்காது.

லாம்ப் ரூமில் சும்மா இருக்கும்போது வரிசையாகச் சார்ஜில் மாட்டிய விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொன்றும் ஒரு தலைக்குச் சொந்தம். எல்லாம் மேலே இருந்தால் ஊரே தூங்குகிற மாதிரி நிம்மதி.

மே மாதம் லீவில் வருவதாக எழுதியிருந்தாய். இந்த வருஷம் வேண்டாம். வீட்டுக்கு ஓடு மாற்றுகிறார்கள், படுக்க இடம் இல்லை. அடுத்த வருஷம் நிதானமாக வா.

உன் கண்ணைப் பார்த்துக்கொள், ஈயப்புகை ஆகாது.

அண்ணன்
காத்தவராயன்


மாட்டுங்கா
2-5-1967

அன்புள்ள அண்ணா,

ஊறுகாய் வந்தது. விடுதியில் எட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒரே வேளையில் காலி செய்துவிட்டோம். அம்மாவுக்கு எட்டுப் பேரின் வாழ்த்து.

பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து உடைந்த டேப் ரெக்கார்டர் ஒன்று பிடித்தேன். மோட்டாரும் மூன்று தலைகளும் நல்ல நிலையில் இருக்கின்றன. அழிக்க ஒன்று, எழுத ஒன்று, படிக்க ஒன்று. வால்வு வைத்த ஆம்ப்ளிபயர் பலகையை நானே பற்றவைத்து அனுப்புகிறேன். நீ தகட்டில் ஓட்டை போட்டு மாட்டினால் போதும். படிக்கும் தலையை மூன்று அங்குலம் தள்ளி முடுக்கச் சொல்லி வரைந்திருக்கிறேன். படித்ததைத் திரும்ப எழுதவைக்கும் குமிழ்தான் 'மறுபடி'. அதைத் திருகத் திருக எதிரொலி பெருகும். முழுக்கத் திருகாதே, அடங்காது. ஆசைப்பட்ட பெரிய குமிழ்களும் இருக்கின்றன, கப்பல் ரேடியோவிலிருந்து எடுத்தவை.

ஒன்று மட்டும் புரியவில்லை. முன்பெல்லாம் ஒரு சுரம் கொஞ்சம் நீண்டால் "இன்னா இது இழுத்துகினு" என்று உள்ளங்கையால் அமுக்குவாயே. ரசனை மாறிவிட்டதா?

லீவு விஷயம் வருத்தம்தான். ஓட்டு வேலை முடிந்ததும் வீட்டு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அம்மாவின் முட்டிவலி எப்படி?

குணா


சாம்பியன் ரீப்ஸ்
18-6-1967

அன்புத் தங்கைக்கு,

முட்டி பரவாயில்லை. எவ்வளவு பரவாயில்லை என்று கீழே படித்தால் உனக்கே தெரியும்.

பெட்டி ஓடுகிறது, குணா! முதல் சுரம் திரும்பி வந்தபோது என் உடம்பு சிலிர்த்துவிட்டது. அதே அறுபதாவது லெவல். அம்மா அடுப்பங்கரையிலிருந்து "யாருடா அது உன்கூட வாசிக்கறது?" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நேற்றுச் சனிக்கிழமை, டூரிங் டாக்கீசிலிருந்து பெரிய ஸ்பீக்கர் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். சாயங்காலம் ஐந்து மணி. அடித்தந்தியைத் தட்டி, 'மறுபடி' குமிழை என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று முழுக்கத் திருகினேன். நீ சொன்னது சரி, அடங்கவில்லை. ஒரு உறுமல் கிளம்பி, தன்னைத் தானே தின்று பெருத்தது. கூரை அதிர்ந்தது. அலமாரியில் தட்டும் தம்ளரும் நடுங்கின. லைனில் பத்து வீட்டு வரிசைக்கும் சுவர் ஒன்றுதானே.

நம் ஊரில் பாத்திரம் நடுங்கினால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கத்துக்குள் பாறை வெடித்துவிட்டது என்று லைன் முழுக்க எழுந்து ஓடியது. அடுப்பில் சோறு, தொட்டியில் துணி, எல்லாம் அப்படியே. பக்கத்து வீட்டுப் பார்வதம்மா, அவள் புருஷன் துரை இரண்டாம் ஷிப்டில் கீழே இருந்தான், செருப்பில்லாமல் சுரங்க வாய்க்கு ஓடினாள். நான் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பினால் அம்மாவைக் காணோம். அவளும் ஓடியிருக்கிறாள். நைனா போய் ஒன்பது வருஷம். நான் அவள் கண்முன்னால் உட்கார்ந்திருந்தேன். இருந்தும் ஷாப்டுக்கு ஓடினாள்.

"கீழே ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் பத்திரம்" என்று ஷாப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ்காரர் கத்துகிறார், யாரும் நம்பவில்லை. எப்போதும் முதலில் அப்படித்தானே சொல்வார்கள். கடைசியில் நான் மணிக்கூண்டுப் படிமேல் ஏறி, "நான்தாங்க. என் பொட்டிதாங்க" என்றேன். பிறகு பார்வதம்மா வந்து என் சட்டையைப் பிடித்தாள். "அடப்பாவி, உசுரு பூட்டுச்சுடா எனக்கு! அந்தக் கைய வெச்சிகினு உனக்கு இன்னாத்துக்குடா இந்த வேலை?" என்று உலுக்கிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பெட்டியைப் பிரித்துவிடலாமா என்று இருக்கிறது. ஊர் முகத்தில் விழிக்க முடியவில்லை. ஹரோல்டின் பாட்டுக்கும் அது சரியாகச் சேரவில்லை. பெட்டி ஒரு தாளத்தில் போகிறது, நாங்கள் ஒரு தாளத்தில் போகிறோம்.

நீ கோபப்படாமல் பதில் எழுது.

அண்ணன்
காத்தவராயன்


மாட்டுங்கா
25-6-1967

அண்ணா,

எந்தக் கை? எத்தனை விரல்?

குணா


சாம்பியன் ரீப்ஸ்
20-8-1967

அன்புள்ள குணாவுக்கு,

உன் கார்டு வந்து ஏழு வாரம் ஆகிறது. தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லாம்ப் ரூமுக்குப் போய் வந்தேன். நலம் விசாரிக்காமல் நீ எழுதிய முதல் கடிதம் அதுதான்.

இடது கை. மோதிர விரலும் சுண்டு விரலும். ஜனவரி கடைசியில், இரண்டு ட்ராலிகளைக் கொக்கி மாட்டும்போது. வலி பெரிதாக இல்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மனசுக்குள்ளேயே கிதாரில் மூன்று சுரம் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் வலித்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நைனா போன மறுவாரம் நீ பாலிடெக்னிக்கை விட்டுவிட்டு, டிரங்குப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாய். "நான் போவலண்ணா, அம்மாவ யார் பாக்கறது" என்றாய். உன்னைத் திரும்ப அனுப்ப எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. பம்பாய்க்கு அனுப்பச் சொந்தக்காரர்கள் எல்லாரோடும் சண்டை போட்டேன். இந்தக் கை விஷயம் தெரிந்தால் நீ அன்றைக்கே வண்டி ஏறிவிடுவாய். விரல் போனது போகட்டும், நீயும் திரும்பி வந்துவிட்டால் நான் செய்த ஒரே நல்ல காரியமும் போய்விடும். அம்மாவிடமும் சத்தியம் வாங்கி வைத்தேன். ஓடு மாற்றவில்லை. நீ வந்து பார்க்கக் கூடாது என்றுதான் எழுதினேன்.

ஹரோல்ட் நல்ல மனுஷர். உடனே வேறு ஆள் போடாமல் கிறிஸ்துமஸ் வரை விட்டதே என் கையைப் பார்த்துத்தான். இரண்டு விரலால் ஒரு சுரம் பிடித்து அடுத்ததற்குப் போவதற்குள் பாட்டு என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அந்த இடைவெளியில் முந்தின சுரம் நின்றால் போதும் என்றுதான் பெட்டி கேட்டேன்.

வராதே, குணா. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அண்ணன்


மாட்டுங்கா
3-9-1967

அண்ணா,

நான் சௌக்கியமாக இல்லை. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. டிரங்குப் பெட்டியைக் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். உன்மேல் வந்த கோபத்துக்கு, நீ எதிரில் இருந்திருந்தால் பார்வதம்மா பரவாயில்லை என்று ஆகியிருக்கும். என் அண்ணன் கையை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்து யோசித்து அழுதேன்.

வரவில்லை. உனக்குப் பயந்து அல்ல. நான் அங்கே வந்தால் உனக்குச் சோறு வடிக்கலாம், இங்கே இருந்தால் உன் பெட்டியைச் சரிசெய்யலாம். ஆனால் ஏப்ரலில் வருவேன், ஓடு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இப்போது கேள். நான் தேர்ந்தெடுத்தது தப்பான சர்க்யூட். முழு விரல் உள்ளவனுக்குப் போட்ட சர்க்யூட். படிக்கும் தலையை ஓரிடத்தில் முடுக்கிவிட்டோம், அதனால் தாமதம் எப்போதும் ஒன்றேதான். உன் கை அப்படி இல்லையே. ஒரு சுரத்துக்குச் சீக்கிரம் போகும், இன்னொன்றுக்குத் தேடிப் போகும். பெட்டிதான் உன் கையைப் பார்த்து நடக்க வேண்டும், உன் கை பெட்டியைப் பார்த்து நடக்கக் கூடாது.

ஆகவே தலையைக் கழற்று. தகட்டில் எட்டு அங்குலம் நீளமாகப் பிளந்து, அதில் தலை சறுக்கி ஓடும்படி செய். ஒரு கம்பி கட்டி, கீழே உன் வலது காலுக்கு ஒரு மிதி. அழுத்தினால் தலை தள்ளிப் போய்த் தாமதம் நீளும், விட்டால் ஸ்பிரிங் இழுத்துக் குறைக்கும். நாடா எப்போதும் தலையை உரசிக்கொண்டே இருக்கும்படி இரண்டு உருளை போடு. படம் வைத்திருக்கிறேன். மிதியை உன் பட்டறை நண்பர்கள் அடித்துக் கொடுப்பார்கள். 'மறுபடி' குமிழுக்கு முக்கால் வட்டத்தில் ஒரு திருகாணி அடித்து நிறுத்து. இனி யாரும் ஷாப்டுக்கு ஓட வேண்டாம்.

இனிமேல் எனக்குப் பொய் சொன்னால் ஈயம் காய்ச்சி ஊற்றுவேன். அம்மாவுக்கும் இதே.

காயம் ஆறிவிட்டதா? குளிர் நாளில் வலிக்கிறதா? எழுது.

குணா


சாம்பியன் ரீப்ஸ்
29-10-1967

அன்புக் குணாவுக்கு,

காயம் ஆறிவிட்டது. குளிருக்கு இழுக்கிறது, தேங்காயெண்ணெய் தடவிக்கொள்கிறேன். கேட்டுவிட்டாயே, அதுவே பாதி மருந்து. அம்மாவுக்கு உன் மிரட்டலைப் படித்துக் காட்டினேன். "அவ செய்வாடா" என்றாள்.

மிதி வேலை செய்கிறது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டுக் காலை மெல்ல அழுத்துகிறேன். அது போகாமல் நிற்கிறது. நான் என் இரண்டு விரலோடு அடுத்ததைத் தேடிப் போகிறேன், அது எனக்காகக் காத்திருக்கிறது. தலை நகரும்போது சுரம் கொஞ்சம் வளைகிறது. கூப்பிட்டுக்கொண்டே யாரோ தெருமுனை திரும்புகிற மாதிரி. முன்பு நாலு விரலில் இதை நான் வாசித்ததே இல்லை. எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாமல் போய், எங்கோ வந்து சேர்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன், அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது மணி மூன்று.

தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைட் மேடு மேலே வெள்ளையாக வெயில் அடிக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் மேடு மெதுவாக நகர்வது போல இருக்கிறது. பார்வதம்மா சுவரைத் தட்டினாள். பயந்துபோய் நிறுத்தினேன். "ஏன்டா நிறுத்திட்ட? எங்க வூட்டுக்காரரு தூங்கிகினு கீறாரு, அதையே வாசி" என்கிறாள்.

உன் சாப்பாடு, உடம்பு எல்லாம் எழுது. ஏப்ரலுக்கு இன்னும் ஐந்து மாதம், அம்மா எண்ணுகிறாள்.

அண்ணன்
காத்தவராயன்


சாம்பியன் ரீப்ஸ்
28-12-1967

அன்புக் குணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சத்தியமாக ஒன்றுமில்லை, இனி உன்னிடம் பொய் கிடையாது.

டான்ஸ் முடிந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கே ஹால் நிறைந்துவிட்டது. முதல் இரண்டு பாட்டில் கூட்டத்தோடு கூட்டமாக ஒப்பேற்றிவிட்டேன். மூன்றாவது மெதுவான பாட்டு, கிதார்தான் முன்னால். மிதியில் கால் வைத்தேன். பெட்டி ஒரு தப்புச் செய்யவில்லை, குணா. ஒரு சுரம்கூட என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் பாதிப் பாட்டில் நிமிர்ந்து பார்த்தால் ஜோடிகள் நின்றுவிட்டிருந்தார்கள். கையைப் பிடித்தபடியே, ஆடாமல், என்னையே பார்த்துக்கொண்டு. ஜன்னலுக்கு வெளியே ஷிப்டு முடிந்த லைன்காரர்கள் நின்றார்கள், பார்வதம்மாவும் துரையும்கூட. எனக்கு வியர்த்துவிட்டது.

ஹரோல்ட் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். கண் சிவந்திருந்தது. "காத்தான், நல்லாக் கேளு மேன். உன் வாசிப்புல என் அம்மா குரல் கேட்டுது எனக்கு. ஆனா இது டான்ஸ் பேண்டு. ஆட வந்தவன் காலு நின்னுச்சுன்னா என் பொழப்பு நின்னுச்சு" என்றார். ஜனவரியிலிருந்து உரிகத்து ஆள் வருகிறான்.

நீ சரியாகத்தான் கட்டினாய். நான்தான் தோற்றேன். பெட்டியைத் துணி போட்டு மூடி அலமாரிமேல் வைத்துவிட்டேன். மனசுக்குள் ஒன்றும் ஓடவில்லை. நீ வருத்தப்படாதே, வேலையைப் பார்.

அண்ணன்
காத்தவராயன்


மாட்டுங்கா
5-1-1968

அன்புள்ள அண்ணா,

நான் சௌக்கியம். சத்தமாகச் சிரித்ததில் தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது.

உன் கடிதத்தை விடுதிப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். டான்ஸ் ஹாலில் அத்தனை பேர் ஆடுவதை மறந்து நின்றார்கள், ஜன்னலுக்கு வெளியே ஷிப்டு முடிந்தவன் வீட்டுக்குப் போகாமல் நின்றான், பேண்டு மாஸ்டர் அழுதார். இதை எழுதிவிட்டு "நான்தான் தோற்றேன்" என்று கையெழுத்துப் போட என் அண்ணன் ஒருவனால்தான் முடியும். அடப்பாவி என்று பார்வதம்மா சொன்னது சரியாகத்தான் இருக்கிறது.

ஹரோல்ட் சொன்னதில் தப்பில்லை. அவருக்கு ஆட வேண்டும், அதற்கு உரிகத்து ஆள் போதும். அந்த நாற்காலியை அவனுக்குக் கொடுத்துவிடு, அழாதே. நீ வாசிப்பது வேறு. இரண்டு விரலையும் ஒரு காலையும் வைத்துக்கொண்டு ஊரில் யாரும் இதுவரை கேட்காததை வாசிக்கிறாய், அதை இன்னொருவன் ஆட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?

துணியை எடு. நாடா வளையம் தேய்ந்திருக்கும், புதிதாக ஆறு ஒட்டி அனுப்பியிருக்கிறேன். லைனில் வாசகசாலை ஹால் ஒன்று இருக்கிறதே, ஏப்ரல் பதினான்காம் தேதி சாயங்காலம் நீ தனியாக வாசிக்க அதைக் கேட்டு வை. அன்று நான் அங்கே இருப்பேன்.

ஜனங்கள் நிற்கிறார்கள் என்று கவலைப்படுகிறாயே, அண்ணா. நின்றால் நாற்காலி போடு.

குணா